யாரும் பார்க்கவில்லை என்கிறது உன் அறிக்கை

பாப்பா, பெட்டி கட்டுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்து இதைப் படி. நீளமாகத்தான் இருக்கும். அப்பா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்று நீயே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய், அதனால் இப்போது முகத்தைச் சுளிக்காதே.

நீ அனுப்பிய நான்கு பக்க அறிக்கை வந்தது. சிங்கப்பூருக்குக் கிளம்ப இன்னும் ஆறே நாள். விசா, சாமான், ஆபீசில் ஒப்படைக்க வேண்டிய வேலை என்று தலைக்கு மேல் கிடக்கும்போதும் அப்பாவின் இணையதளத்துக்காக உட்கார்ந்து கட்டம் போட்டு, கோடு போட்டு, சிவப்பும் பச்சையுமாக வண்ணம் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். நாம் ஃபேஸ்புக்கில் போட்ட பதிவுகள் எத்தனை பேர் கண்ணில் பட்டன, எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் தொட்டுத் தளத்துக்குள் வந்தார்கள், வந்தவர்கள் எத்தனை நொடி நின்றார்கள், எல்லாம் இருந்தது. நன்றாகச் செய்திருக்கிறாய், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் அந்த ஒரு வரி. "ஈடுபாடு மிகவும் குறைவு. பக்கத்தையும் தளத்தையும் இந்த மாதக் கடைசியோடு மூடிவிடலாம் என்பது பரிந்துரை." அதற்குக் கீழே, அறிக்கையோடு சேராமல் தனியாக, "சாரிப்பா" என்று எழுதியிருந்தாய்.

மூட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு அப்பா மனசு மாறியிருப்பாரா என்று நீ தேட வேண்டாம். உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் இதைத் தளத்திலேயே போடப் போகிறேன். மற்றவர்களும் படிக்க வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அதை இத்தனை வருடமாக உன்னிடமும் சொல்லவில்லை.

நம்மைத் தெரியாதவர்கள் படித்தால் விழிக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்கு உள்ளே வேலை செய்தவர்களின் நெஞ்சுக்குள் கல்தூசி போய் உட்கார்ந்துகொள்ளும். வேலையை விட்டுப் பத்து இருபது வருடம் கழித்தும் அது மூச்சைப் பிடிக்கும். வெளியூர் டாக்டருக்கு இருமலும் இளைப்பும் மட்டும்தான் தெரியும். இவர் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? சொல்லாவிட்டால் டி.பி. என்று நினைத்து மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை தீரும், இருமல் தீராது, மறுபடியும் மாத்திரை. மைன் மூடியபோது நம் ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். குடியாத்தம் பக்கம், ஆம்பூர் பக்கம், பெங்களூரில் வாடகை வீடுகள், எங்கெங்கோ. அவர்களைத் தேடிப் பிடித்து, "நீ உள்ளே வேலை செய்தவன், அதை டாக்டரிடம் சொல், பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லத்தான் இரண்டு வருடத்துக்கு முன் நீயும் நானும் சேர்ந்து இந்தத் தளத்தை ஆரம்பித்தோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, இங்கே நந்திதுர்க் சுரங்கப் பகுதியில் பள்ளிக்கூட வராண்டாவில் பங்காருப்பேட்டையிலிருந்து ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்து நெஞ்சைப் பார்க்கிறார். நம் தொழிலாளர் லைன் வீடுகளில் தளத்துக்கு நெஞ்சுப் பக்கம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். தளத்தைக் கட்டியது நீ. அதற்காகப் பதிவு போட்டது நீ. மாதா மாதம் எண்ணிச் சொன்னதும் நீ.

எண்ணுவதை நான் கேலி செய்வதாக நினைக்காதே. முதல் மாதம் நீ எண்ணிக்கை அனுப்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தொரு லைக் என்றதும் நாற்பத்தொரு பேர் வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி சந்தோஷம். அடுத்த மாதம் பன்னிரண்டு என்றதும் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா, "சுகர் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக்கூட இவ்ளோ பயப்படல இந்த மனுசன்" என்றாள். அந்தப் பயத்தில்தான் நான் அந்தக் கூத்தை அடித்தேன். நீ இன்றுவரை அதை மறக்கவில்லை என்று தெரியும்.

எதிர் வீட்டு முனிரத்தினம் மாமாவிடம்தான் போய் அழுதேன். அவர் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே தீர்வு, ஆள் பிரித்து ஷிப்ட் போடுவது. "இன்னாத்துக்குப் பொலம்புற? லைக்குதானே வோணும்? மூணு ஷிப்ட் போட்டா முடிஞ்சுது" என்றார். நோட்டில் பேர் எழுதினார். காலை ஆறு மணிக்கு ஒரு பேட்ச், மதியம் இரண்டுக்கு ஒரு பேட்ச், ராத்திரி பத்துக்கு ஒரு பேட்ச். வீட்டில் இருக்கிற அத்தனை போனையும் கையில் வைத்துக்கொண்டு மேலேயிருந்து கீழே வரை எல்லாப் பதிவுக்கும் லைக் போட வேண்டும், கீழே ஒரு கமெண்ட்டும் எழுத வேண்டும். இன்ன கமெண்ட் என்று மாமா சொல்லவில்லை, அதனால் எல்லோரும் "அருமை" என்று எழுதினார்கள். ஒருவர் மூச்சுத் திணறி இறந்துபோன செய்திக்குக் கீழே பதினோரு "அருமை" வந்தது. லீவு போட்டவர்களுக்கு மாற்று ஆள் வேறு. வேலை இல்லாமல் கிடந்த கிழவர்களுக்கு மறுபடியும் ஷிப்ட் கிடைத்த குஷியில் யாரும் ஒரு நிமிடம்கூட லேட்டாக வரவில்லை.

பத்தாம் நாள் நீ போன் பண்ணினாய். "இன்னாப்பா பண்ணிக்கினு இருக்கீங்க அங்க? ஆறு மணிக்கு டாண்ணு லைக் ஏறுது, ஆறே காலுக்கு ஒண்ணும் இல்ல. மறுபடி ரெண்டு மணிக்கு ஏறுது. ஏதோ மெஷின் பண்ணுதுன்னு நெனச்சி நம்ம பேஜையே அமுக்கி வெச்சிட்டாங்க."

"மெஷின் இல்ல பாப்பா, முனிரத்தினம் மாமா" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் ஆபீசில் உன் மேலாளரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, பத்து பைசா விளம்பரம் இல்லாமல் எப்படி ஏறுகிறது பாருங்கள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அவர்கள் தோண்டிப் பார்த்தால் மூன்று ஷிப்ட். உனக்குத் தலைகுனிவு. அது என்னால் வந்தது, அதற்கு இங்கேயே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அன்று கடைசியாக நீ சொன்னாயே, அதுதான் என்னைப் போட்டு அறுத்தது. "யாருக்குப் போய்ச் சேரலன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான்ப்பா நான் ஏதாவது பண்ண முடியும். எல்லாம் நல்லா இருக்குன்னு பொய்யா காட்டினா அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க." போனை வைத்துவிட்டு அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. மகள் திட்டிவிட்டாள், அதனால் முகம் வாடிக் கிடக்கிறான் என்று மாமா நினைத்துக்கொண்டார். நீயும் அப்படித்தான் நினைத்தாய், மறுநாள் போன் பண்ணிச் சமாதானம் சொன்னாய். காரணம் அது இல்லை. அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

அதற்கடுத்து நீ ஒரு கூத்து அடித்தாய், அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் மட்டும் ஏன் தனியாக அசிங்கப்பட வேண்டும்? தங்கம் பிரித்த பின் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டை மேலேயிருந்து பறக்கும் கேமராவில் எடுத்து, நெஞ்சு அதிர்கிற மாதிரி இசை போட்டு, "இந்தச் சுரங்கத்தில் இன்னும் மூச்சு விடுவது யார்?" என்று ஒரு வரி எழுதிப் போட்டாய். அடேயப்பா, ஏறியது பார், அப்படி ஒரு ஏற்றம். ஆந்திராவிலிருந்தும் மும்பையிலிருந்தும் யார் யாரோ கமெண்ட் போட்டார்கள். அப்போது உன் வரைபடத்தில் ஒரே பச்சை. ஆனால் தளத்துக்குள் வந்தவர்கள் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்ததும் நான்கு நொடியில் ஓடிப்போனதாக நீயே எழுதியிருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஏழெட்டு பைக் வந்தது. வராண்டாவில் வரிசையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி வந்து ஒருவன் என்னிடம், "அங்கிள், பேய் இருக்கிற ஷாஃப்ட் எது?" என்று கேட்டான். வரிசையில் இருந்த ஒருவர், "நாங்கதாம்பா அது, போட்டோ எடுத்துக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்ததும் எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது. சாயங்காலமே உன்னிடம் சண்டை போட்டு அதை எடுக்க வைத்தேன். நீ கோபப்பட்டாலும் எடுத்தாய். எடுத்ததும் கோடு தடாலென்று கீழே விழுந்தது, இன்றுவரை எழுந்திருக்கவே இல்லை. உன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அந்தச் சரிவுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். காரணம் உனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தள்ளிவிட்டோம், சரியாகத்தான் செய்தோம்.

இப்போது யாருமே பார்க்கவில்லை என்கிற உன் வார்த்தைக்கு வருகிறேன். போன மாதம் உன்னைப் பார்க்க பெங்களூர் வந்தேனே, மாரிகுப்பத்திலிருந்து காலை ரயிலில்தான் வந்தேன். நான் பதினெட்டு வருடம் செக்யூரிட்டி வேலைக்குப் போன அதே ரயில். கூட்டம் அப்படியேதான் இருக்கிறது. செக்யூரிட்டிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற பெண்கள், கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள். ஜன்னலோரம் ஒருவர் போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஏதோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டால், நம் பதிவு. சுரங்கத்தில் எந்த லெவலில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை வருடம் வேலை செய்தோம் என்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று நீ எழுதினாயே, அது. சுற்றி உட்கார்ந்தவர்கள், நின்றவர்கள், மேலே சாமான் தட்டில் படுத்திருந்தவர் உட்பட எல்லோரும் கேட்டார்கள். ஒரு பெண், "அந்த ஞாயித்துக்கிழம எதுன்னு மறுபடி படி" என்றாள். அவர் மறுபடி படித்தார். படித்து முடித்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். லைக் போடவில்லை. ஏன் போட வேண்டும்? நோயைப் பற்றி எழுதியிருக்கிறதைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. இழவு வீட்டுக்குப் போனால் போனதைச் சொல்லிக்கொள்ளக்கூட மாட்டோம். அந்த ரயில் பெட்டி முழுக்க உன் அறிக்கையில் 'ஒன்று' என்று இருக்கும்.

நீ இதைக் கேட்டதும் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஒரு ரயிலை வைத்துக்கொண்டு எப்படிப்பா சொல்றது என்பாய். சரிதான், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. பதினெட்டு வருடம் அடுக்குமாடி வாசலில் ரெஜிஸ்டர் வைத்தவன் நான். ரோட்டில் போகிறவர்களை எந்த வாட்ச்மேனும் எண்ண மாட்டான். உள்ளே வந்தவரிடம் பேர் என்ன, எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க, யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வான். நாலு மாதமாக வராண்டாவிலும் அப்படி ஒரு ரெஜிஸ்டர் வைத்திருக்கிறேன். உன்னிடம் காட்டவில்லை, சிரிப்பாய் என்று பயம். யார் சொல்லி வந்தீர்கள் என்ற கட்டத்தில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? ரயிலில் ஒருத்தர் படித்தார். மருமகள் வேலை செய்கிற வீட்டு அம்மா போனில் காட்டினார். சலூனில் பேசிக்கொண்டார்கள். சர்ச் வாசலில் ஒருவர் சொன்னார். புத்த விகாரையில் பௌர்ணமி அன்று பேசினார்கள். எல்லாவற்றுக்கும் வேர் எது என்று கிளறிக் கேட்டால், யாரோ ஒருவர் போனில் நம் பதிவைப் பார்த்திருக்கிறார்.

பூதிகோட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். புருஷன் உள்ளே பதினாறு வருடம் வேலை செய்துவிட்டு, மைன் மூடியதும் மாமனார் ஊரில் தக்காளி போட்டுப் பிழைத்தவர். அந்த அம்மாவிடம் போனே இல்லை. பால் ஊற்றுகிற இடத்தில் யாரோ நம் பதிவைக் காகிதத்தில் எடுத்து ஒட்டியிருந்தார்களாம். அதைக் கிழித்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, புருஷனை பஸ்ஸில் ஏற்றி அழைத்து வந்துவிட்டார். "மூணு வாட்டி மாத்ரே குடுத்தாங்க சார், மூணு வாட்டியும் முழுசா முழுங்கினாரு. ஒரு நாளும் தப்பல. அப்புறம் ஏன் சார் கொறையல?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தூசிம்மா. உள்ள வேல செஞ்சவருன்னு இதுக்கு முன்னால யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றார். அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. தூசியை யாராலும் வெளியே எடுக்க முடியாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் வேண்டாத மாத்திரை நின்றது, மூச்சுக்கு வேண்டியது கிடைத்தது. இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று சொல்லியனுப்பினார்கள். அந்த அம்மா உன் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவர் கிழித்து எடுத்த காகிதத்துக்கு வரைபடம் கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் வாதம்தான். வாதம் பண்ணி உன்னை ஜெயிக்க வேண்டும் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வேன். பக்கத்தை மூடக் கூடாது என்று நான் முரண்டு பிடிப்பதற்கு உண்மையான காரணம் வேறு. அதைச் சொல்ல எனக்குப் பேனா வரமாட்டேன் என்கிறது, இரண்டு நாள் இந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் பெரியப்பாவுக்கு டி.பி. வந்து இறந்துபோனார் என்றுதான் உனக்குத் தெரியும். அப்போது நீ காலேஜில் இருந்தாய். அவருக்கு டி.பி. இல்லை. அவர் நந்திதுர்க்கில் உள்ளே பாறையில் துளை போடுகிற வேலை. நான் மேலே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஒரு நாளும் ஏறிக் கீழே போனவன் இல்லை. உள்ளே வேலை செய்கிறவர்களை வருடத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். படத்தில் தூசி தெரிந்தால் ஆளை மேல் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், மேலே வந்தால் சம்பளம் குறையும், கூட வேலை செய்த ஆட்களை விட்டும் பிரிய வேண்டும். உன் பெரியப்பாவுக்கு அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து, தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கையில் வைத்து, "நீ போய் நின்னுட்டு வந்துடுடா. மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க, நம்பரதான் பாப்பாங்க" என்றார்.

போனேன். எனக்கு முப்பத்துமூன்று வயசு. கல்லுக் குண்டு மாதிரி இருந்தேன். எக்ஸ்ரே எடுப்பவர், "நல்லா இழுத்துப் புடி, விடாத" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. அண்ணனுக்கு ஒரு உதவி செய்கிறோம் என்று அப்படி ஒரு பெருமை. படம் எடுத்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரை ஏமாற்றியது நாங்கள். எக்ஸ்ரேயில் முகம் விழுவதில்லை, நெஞ்சுக்கூடு மட்டும்தான். அடுத்த வருடமும் போனேன். அதற்கடுத்த வருடமும் போனேன். அண்ணன் பேரில் இருக்கிற மூன்று படமும் என் நெஞ்சு.

மைன் மூடி சில வருடம் கழித்து அவருக்கு ரொம்ப முடியாமல் போனபோது ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். புதுப் படத்தில் நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாக இருந்தது. டாக்டர் நல்லவர், பொறுப்பானவர், பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் உறையோடு பத்திரமாக இருந்தது, கொடுத்தோம். மூன்றையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுரங்கத்துல இருந்தும் நெஞ்சு சுத்தமா இருந்திருக்கே. அப்ப இது புதுசா வந்ததுதான், டி.பி.க்குப் பாக்கலாம்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே தெரிந்தால் இரண்டு பேர் பேரும் கெட்டுவிடும், மைன் மூடும்போது கொடுத்த பணத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். மாத்திரை ஆரம்பித்தார்கள். உடம்பு கரைந்தது. மறுபடியும் வேறு மாத்திரை. ஒவ்வொரு தடவையும் நான்தான் கூடப் போனேன், ஒவ்வொரு தடவையும் சும்மா இருந்தேன். எனக்கு இப்போது அறுபது வயசு, மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. ஏறும்போதெல்லாம் அது எனக்கு நினைவு வருகிறது.

நீ அன்று போனில் எல்லாம் நல்லா இருக்குன்னு பொய்யா காட்டினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க என்றாய். லைக்கைப் பற்றித்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். எனக்குக் கேட்டது வேறு.

நம் லைன்களில் இதைச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. தம்பி அண்ணனுக்காகப் போனான், மச்சான் மாமனுக்காகப் போனான். யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் படங்கள் இன்னும் தகரப் பெட்டியில், அலமாரியில், கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அதைத்தான், பாவிகளா, நாமே "பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துக்கொண்டு வா" என்று இரண்டு வருடமாகப் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறோம்! வராண்டாவில் ஒவ்வொரு உறையாகப் பிரிக்கும்போதும் இது யார் நெஞ்சோ என்று நினைப்பேன், டாக்டரிடம் சொல்லத் தைரியம் வராது. இனிமேல் சொல்வேன். இதைப் படிக்கிறவர்களுக்கு இங்கேயே சொல்கிறேன். உங்கள் பேரில் இருக்கிற படம் உங்கள் படம் இல்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். யார் போய் நின்றது என்று சொல்ல வேண்டாம், அது நான் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். இந்த ஒரு பதிவு யாரைப் போய்ச் சேர வேண்டுமோ அவர் எந்த ஊரில் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறாரோ தெரியாது. அதனால்தான் மூட மாட்டேன். உன் கோடு இன்னும் கீழே போய்த் தரையில் படுத்துக்கொண்டாலும் மூட மாட்டேன்.

நீ அங்கே போய்ப் பெரிய கம்பெனிக்கு எண்ணப் போகிறாய். நன்றாக எண்ணு, பொய்யை உள்ளே விடாதே, ஷிப்ட் போட்டு லைக் போடுகிற கிழவர்கள் அங்கேயும் இருப்பார்கள், பிடித்துவிடு. அதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் உன் மேலாளர் வந்து, எண்ணிக்கையில் வரவில்லை, அதனால் அப்படி ஒரு ஆளே இல்லை என்று எழுதச் சொன்னால் எழுதாதே. எதிர்த்து நில். வேலை போனால் போகட்டும், மாரிகுப்பம் ரயிலில் உனக்கு எப்போதும் இடம் இருக்கும். நின்றுகொண்டுதான் வர வேண்டும், அது வேறு விஷயம்.

இதைத் தளத்தில் போடுவதற்கு முன் ஒருவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. நேற்று மத்தியானம் ஸ்கெலட்டன் லைன் வீட்டுக்குப் போய் உன் பெரியம்மா முன்னால் உட்கார்ந்து, இதுவரை எழுதியதை முதலிலிருந்து படித்தேன். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் மாமா கதைக்குச் சிரித்தார். டோக்கன் வந்ததும் கை நின்றுவிட்டது. நான் தலையைத் தூக்காமல் கடைசி வரை படித்தேன்.

"எனக்குத் தெர்யும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"படுக்கையில கெடக்கும்போதே சொல்ட்டாரு. நான்தான் அவன அனுப்பி வெச்சேன், அவன ஒண்ணும் கேக்காதேன்னாரு. நானும் கேக்கல." முறத்தை ஒதுக்கி வைத்தார். "கேக்கலன்னா கோவம் இல்லன்னு நெனச்சிகினியா? அவரு போயி பதினோரு வருசம். பொங்கலுக்கு வர்ற, தீவாளிக்கு வர்ற, துணி குடுக்குற. இன்னிக்கி சொல்லுவான், இன்னிக்கி சொல்லுவான்னு ஒவ்வொரு வாட்டியும் ஒன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன்."

அழுதேன் பாப்பா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அண்ணி அழவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து அண்ணனின் போட்டோவை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தார். "இதயும் சேத்துப் போடு. பேரயும் போடு. வெக்கப்பட்டது போதும்" என்றார்.

"பாப்பா மூடிடலாம்னு சொல்றா அண்ணி. அந்தப் பக்கத்த யாரும் பாக்குறதே இல்லியாம்."

"யாரும் பாக்கலன்னா இன்னா? நான் பாக்குறேன். போடு."

தளத்தின் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் இல்லை, இதைப் படித்து முடித்ததும் பாஸ்வேர்டை அனுப்பு. உன் பெரியம்மா பதினோரு வருடம் காத்திருந்துவிட்டார். இன்னும் ஒரு நாள் அவரைக் காக்க வைக்க என்னால் ஆகாது.

அப்பா